ராயபுரத்தில் ஒரு மெழுகுவத்தி

எண்ணூர் ரயிலுக்கு நேரமிருப்பதால் ராயபுரத்துக் கல்லறைத் தோட்டத்துக்குள் நுழைகிறேன். இன்று கல்லறைத் திருநாள். எங்கும் சுண்ணாம்பும் சாமந்தியும் மணக்கின்றன. ஓரமாகப் பெயரில்லாத ஒரு மண்மேட்டில் மீன்காரம்மா ஒருத்தி மெழுகுவத்தி ஏற்றுகிறாள்.

"யாரம்மா இது?"

"யாரு கண்டா நைனா? சண்டை டைம்ல கடல் கொண்ணாந்து போட்ச்சு. எங்க வூட்டுக்காரும் கப்பலோட முழுகிட்டாரு. அவரு எந்தக் கரையில ஒதுங்கினாரோ, அங்க எவளாச்சும் ஒரு வத்தி வெக்க மாட்டாளா?"

பக்கத்துக் கல்லறைக்கு வெள்ளையடிப்பவர் சிரிக்கிறார். "இவன் ஜப்பான்காரனா இருந்தா இன்னா பண்ணுவே அக்கா?"

"இருந்துட்டுப் போட்டும். அவனுக்கும் பொண்டாட்டி இருப்பா."

பிறகு என்னைப் பார்க்கிறாள். "படிச்ச புள்ளயாட்டம் கீறே. கொரியாவுல சண்டையாமே?"

"ஆமாம்மா. தினமும் நூற்றுக்கணக்கில் சாகிறார்களாம்."

எங்கள் வீட்டில் முதன்முதலில் பேப்பர் படித்தவன் நான். அந்தக் கணக்கைத் தினமும் உரக்கப் படித்துக் காட்டுகிறேன். முடித்ததும் அடுத்த செய்திக்குப் போய்விடுவேன்.

அவள் ஒரு வத்தியை நீட்டுகிறாள். "அத்தினி பேரை எப்டி நெனைக்கிறது? ஒர்த்தன நெனச்சுக்கினு ஏத்து."

கொரியாவில் எனக்கு யாரையும் தெரியாது. "உங்க வீட்டுக்காரர் பேர் என்னம்மா?" என்கிறேன்.

கணவன் பெயரை அவள் வாயால் சொல்வதில்லை. வெள்ளையடிப்பவரைத் திரும்பிப் பார்க்கிறாள். அவர் சுண்ணாம்பு மட்டையைக் கீழே வைத்துவிட்டு, "அந்தோணிசாமி," என்கிறார்.

வத்தியை ஏற்றுகிறேன்.