காற்றாலை நிழல்

கல்யாண வீடியோ எடுத்தே சுகன்யாவுக்குப் பத்து வருஷம் ஓடிவிட்டது. பாளையங்கோட்டையில் எந்த மண்டபமானாலும் பெண் மாப்பிள்ளை முகம் சுண்ணாம்பு அடித்ததுபோல் வெளுக்க வேண்டும். நிழல் விழுந்தால் வீட்டார் சண்டைக்கு வருவார்கள். அதனாலேயே முதல் சினிமா ஒளிப்பதிவு கைக்கு வந்தபோது ஒரு பிடிவாதம் வைத்தாள். சன்னல் இருந்தால் சன்னல் வழியாகத்தான் வெளிச்சம் வர வேண்டும். விளக்கு வைத்தது யாருக்கும் தெரியக் கூடாது.

ராதாபுரம் பக்கம் ஓர் ஓட்டு வீடு. வெளிநாட்டில் மகன் இறந்த செய்தி கேட்டுத் தாய் சன்னலோரம் உட்காரும் காட்சி. தாயாக நடித்த வடிவம்மாள் காட்டு வேலைக்குப் போகிறவர், நடிப்புக்குப் புதுசு. சாயங்கால வெயில் இறங்கியதும், மேற்கே நின்ற காற்றாலையின் இறக்கை நிழல் அவர் முகத்தைத் தடவித் தடவிப் போனது. அதில் மயங்கிய சுகன்யா, முதலில் அறை முழுவதும் தெரிய எடுத்துவிட்டாள். முகத்தை நெருங்கி எடுக்கக் கேமராவை நகர்த்தும்போது மேகம் மூடிக்கொண்டது.

இயக்குநர் மந்திரமூர்த்தி வானத்தையே பார்த்தார். வீட்டை இரவல் கொடுத்தவர்கள் மறுநாள் திரும்பிவிடுவார்கள்.

"இப்ப என்ன செய்ய, சுகன்யா? அதோட இது ஒட்டாதே."

அவள் முற்றத்துக்கு ஓடினாள். இருந்த ஒரே விளக்கை, வெயில் வந்த சாய்விலேயே முற்றத்தில் உயர்த்திக் கட்டி, மஞ்சள் தாள் ஒட்டினாள். தெர்மாகோலைக் காற்றாலை இறக்கைபோல் நீளமாக அறுத்து, விளக்குக்கும் சன்னலுக்கும் நடுவே வீசும்படி மந்திரமூர்த்தியிடமே கொடுத்தாள். பதற்றத்தில் அவர் விசிறிபோல் வீசினார்.

"பைய வீசுங்க, அண்ணே. காத்தாடிக்கு என்ன அவசரம்?"

எடுத்ததைப் போட்டுப் பார்த்தாள். நிழலின் ஓரம் கத்தி வெட்டியதுபோல் இருந்தது; வெயிலில் விழுந்த காற்றாலை நிழலின் ஓரமோ மங்கல். நிழல் மங்கலாக விழ, தெர்மாகோலை விளக்கை ஒட்டிப் பிடிக்கச் சொல்லிவிட்டு, அழுது முடித்து உட்கார்ந்திருந்த வடிவம்மாளிடம் தயங்கித் தயங்கிப் போனாள்.

"யக்கா, இன்னொரு தடவ இருக்கீயளா?"

"இருக்கேன் தாயி. உக்காரதுதானே."

இம்முறை கண்ணீர் வரவில்லை. நிழல் கடக்கும்போதெல்லாம் இமை மட்டும் தாழ்ந்தது. நல்லதா கெட்டதா என்று சுகன்யாவுக்குப் பிடிபடவில்லை. அதற்குள் இருட்டிவிட்டது.

திருநெல்வேலியில் படத்தைத் திரையிட்டபோது கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள். நெருங்கி எடுத்த முகம் வந்தது, நிழல் கடந்தது, போனது. ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை; முன்னால் இருந்த பெண் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். அப்பாடா என்று சாய்ந்தவளுக்கு, அடுத்தது மழையில் விளக்கை வைத்தே வெயில் காட்டி எடுத்த சமையலறைக் காட்சி என்பது நினைவுக்கு வந்தது.