சூடம் அணைக்காத அக்கா

மூன்று ஆண்டுகளுக்கு முன், மாசி மாதத்தில் ஒரு புதன்கிழமை. மாரண்டஹள்ளிக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊரின் மாரியம்மன் கோயில் வாசலில் நடந்தது இது. கிழமையில் எனக்குச் சந்தேகமே இல்லை. கிறிஸ்தவர்களின் தவக்காலம் அன்றுதான் தொடங்கியது. எங்கள் எதிர்வீட்டு அக்கா காலைப் பூசை முடிந்து, நெற்றியில் சாம்பல் சிலுவையோடு நேராக அங்கே வந்து நின்றார்.

அவருடைய கணவர் அதற்கு முந்தைய ஐப்பசியில் இறந்துபோயிருந்தார். கணவரும் அவர் தம்பியும் ஒரே கிணற்றில் முறைவைத்துத் தண்ணீர் பாய்ச்சியவர்கள். ஒருநாள் அண்ணனுக்கு, மறுநாள் தம்பிக்கு. அக்கா பிறவியிலேயே கிறிஸ்தவர். கணவர் வீட்டார் அம்மனைக் கும்பிடுகிறவர்கள். அதை வைத்து அந்த வீட்டில் சண்டை வந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. சண்டை தண்ணீரில்தான் வந்தது. "சாகறதுக்கு முன்னாடி அண்ணன் அவரு முறையை எனக்கு வுட்டுக் குடுத்துட்டாரு" என்றார் தம்பி. அப்படி ஒரு பேச்சே நடக்கவில்லை என்றார் அக்கா. இருவர் பேச்சுக்கும் சாட்சி இல்லை. அக்காவின் தக்காளியோ பூவிட்டுப் பிஞ்சு பிடிக்கிற சமயம். அவர்தான் ஊரிடம் நியாயம் கேட்டார்.

சாட்சியில்லாத வழக்குக்கு எங்கள் ஊரில் ஒரு வழி உண்டு. அம்மன் முன்னால் சூடம் கொளுத்திவைப்பார்கள். நியாயம் கேட்டு வந்தவர் உள்ளங்கையால் அதை அணைத்து, தான் சொல்வது உண்மை என்று சத்தியம் செய்ய வேண்டும். பொய்ச்சத்தியம் குடும்பத்தையே அழிக்கும் என்ற பயம் இன்றும் இருப்பதால், அணைத்தால் வழக்கு ஜெயித்தது. பின்வாங்கினால் தோற்றது.

சூடம் எரிந்தது. அக்கா அசையவில்லை.

"நான் சொல்றது நெசமுங்க. ஆனா சத்தியம் பண்ண மாட்டேன்."

கூட்டத்தில் ஒருவர் சிரித்தார். "நெத்தியில துன்னூறு பூசிக்கிட்டுத்தான வந்து நிக்கற? சூடத்துக்கு மட்டும் என்ன கூச்சம்?"

"இது வேற சாம்பலுங்க. ஒருநா மண்ணாப் போவப்போறோம்னு நெனப்பு வர்றதுக்கு வெக்கறது."

"மண்ணாப் போற வரைக்கும் தக்காளிக்குத் தண்ணி வேணுமில்ல?"

எல்லோரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்துவிட்டார்.

பஞ்சாயத்தை நடத்திய ஊர்க்கவுண்டர் இறங்கிவந்தார். "சரிம்மா, அம்மன் வேணாம். உங்க பைபிள எடுத்தாந்து அதுமேல கைய வெச்சுச் சொல்லு. நாங்க ஒத்துக்கறோம்." யாரோ ஒருவர் அக்காவின் பங்குத் தந்தைக்கே போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தார். உண்மையைச் சத்தியம் செய்து சொல்வதில் பாவமில்லை என்று அவரும் சொன்னார். இதோடு முடிந்தது என்றுதான் நான் நினைத்தேன்.

"நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும் ஃபாதர்" என்றார் அக்கா. "ஆனா நான் கும்புடறவரு, சத்தியமே பண்ணாத, ஆமான்னா ஆமான்னு சொல்லு போதும்னு சொல்லியிருக்காரு. சின்னப் புள்ளையிலருந்து அப்பிடியே நம்பிட்டேன். இன்னைக்குத் தண்ணிக்காவ மாத்திக்கிட்டா, நாளைக்கு எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு அவருகிட்ட செபம் பண்ணுவேன்?"

போனில், "உன் மனசுப்படி செய்யம்மா" என்று மட்டும் கேட்டது.

சூடம் தானாக எரிந்து தீர்ந்தது. தண்ணீர் முழுவதும் தம்பிக்கு என்று முடிவானது.

குடத்தில் சுமந்து ஊற்றி, வீட்டை ஒட்டிய சில வரிசைகளை அக்கா காப்பாற்றினார். மற்றவை பங்குனி வெயிலில் கருகின. காய்ந்த செடிகளைப் பிடுங்கி அவர் வரப்போரம் குவித்துக்கொண்டிருந்தபோது, வருத்தமில்லையா என்று கேட்டேன். "இல்லாம இருக்குமா? நல்லா அழுதேன். ஆனா செபத்துக்கு உக்காந்தா மனசு உறுத்தலீங்க" என்றார்.

அடுத்த ஆண்டு ஆடியில் வேறொரு வழக்கு வந்தது. பக்கத்துப் பக்கத்து நிலக்காரர்கள் இருவரில் ஒருவர் எல்லைக்கல்லை நகர்த்திவிட்டார் என்று புகார். கல் முன்பு இருந்த இடத்தைச் சரியாக அறிந்தவர் அக்கா ஒருவர்தான். அவரைச் சாட்சிக்குக் கூப்பிட்டார்கள். பழக்கதோஷத்தில் பூசாரி சூடத்தையும் எடுத்துவந்தார்.

"அத உள்ள கொண்டுபோய் வெய்யிங்க" என்று ஒரு குரல் கேட்டது. அக்காவின் கொழுந்தனார். "எங்க அண்ணி ஆமான்னா ஆமா, இல்லன்னா இல்ல. கிணத்துத் தண்ணியவே வுட்டவங்க, அடுத்தவன் கல்லுக்கா பொய் சொல்லப்போறாங்க?"

ஊர்க்கவுண்டர் அவரைத் திரும்பிப் பார்த்தார். "அப்ப போன வருசம் தண்ணியப் பத்தி உங்க அண்ணி சொன்னது?"

தான் என்ன சொல்லிவிட்டோம் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. தலையைக் குனிந்துகொண்டார். அக்கா கல் இருந்த இடத்தைச் சொன்னார். சூடமில்லாத அந்தச் சொல்லை இரு தரப்பும் ஏற்றுக்கொண்டன. மறுநாள் காலை, கிணற்றுத் தண்ணீர் அக்காவின் வயலுக்குப் பாய்ந்துகொண்டிருந்தது. திறந்துவிட்டவர் அங்கே நிற்கவில்லை.

நான் கிறிஸ்தவன் அல்ல. மதங்களைப் பற்றி நிறையப் படித்திருக்கிறேன், விவாதித்தும் இருக்கிறேன். ஆனாலும் ஒரு மனுஷிக்கு அவள் நம்பிக்கை எவ்வளவு பெறும் என்ற பேச்சு எங்கே எழுந்தாலும், படித்தது எதுவும் எனக்கு நினைவுக்கு வருவதில்லை. பங்குனி வெயிலில் கருகிக் கிடந்த அந்தத் தக்காளி வரிசைகள்தான் வருகின்றன.