தேத்தண்ணி குடிக்காமல் வீடு கேட்ட கதை

வவுனியாச் சந்தையில் என்னைத் தூரத்தில் கண்டாலே மீன்காரர் விலையை ஏற்றிவிடுவார் என்று என் கணவர் ஊரெல்லாம் சொல்லித் திரிகிறார். அது முழுப் பொய்யும் இல்லை. எப்படியும் இவள் பாதிக்குத்தான் கேட்பாள் என்று தெரிந்த மனிதர், பாதுகாப்புக்காகக் கொஞ்சம் கூட்டி வைத்துக்கொள்கிறார். அது எனக்கும் தெரியும் என்பதால் நான் பாதிக்கும் கீழே தொடங்குவேன். பிறகு பத்தடி நடப்பேன். "ரீச்சர், வாங்கோ, கொண்டு போங்கோ" என்று கூப்பிடுவார். இந்தக் கூத்து இல்லாமல் வாங்கிய மீன் எனக்குக் குழம்பில் ருசிப்பதில்லை.

பேரத்தில் எனக்கு ஒரேயொரு கட்டுப்பாடு உண்டு. விலை தீரும்வரை விற்கிறவர் கையால் எதையும் வாங்கி வாயில் வைக்கமாட்டேன். ஒருமுறை பலாப்பழம் விற்றவர், "சும்மா தின்று பாருங்கோ" என்று ஒரு சுளையை நீட்டினார். தேன்போல் இருந்தது. அதைத் தின்றுவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு, "பழம் சப்பென்று இருக்குது" என்று எந்த முகத்தோடு சொல்வது? கேட்ட காசைக் கொடுத்துவிட்டு வந்தேன். அன்றிலிருந்து யார் எதை நீட்டினாலும் வேண்டாம்தான்.

இந்தக் கெட்டித்தனத்தோடுதான் நான் வீடு வாங்கப் போனேன்.

நாங்கள் ஓமந்தையில் வாடகை வீட்டில் ஒன்பது வருடம் இருந்தோம். வீட்டுக்காரரின் மகளுக்குக் கல்யாணம் பேசி முடிந்தது. அந்த வீடுதான் சீதனம். ஆவணியில் கல்யாணம், ஆடிக்குள் நீங்கள் எழும்பவேண்டும் என்று வீட்டுக்காரர் மிகவும் மரியாதையாக, கல்யாணப் பலகாரமும் தந்து சொன்னார். அந்த அயலில் வேறு வாடகை வீடு இல்லை. என் பள்ளிக்கூடமும், இவருடைய மோட்டார் சைக்கிள் திருத்தும் கடையும் அங்கேதான். "இன்னொருத்தருக்கு வாடகை கட்டினது காணும்" என்றார் இவர். நானும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

தரகர் ஒருவர் காட்டிய நாலாவது வீடு எனக்குப் பிடித்துவிட்டது. ஏ-ஒன்பது வீதியிலிருந்து உள்ளே போகும் கிரவல் பாதையில், அரை ஏக்கர் காணி, இரண்டு அறை, ஒரு விறாந்தை. குசினி யன்னலைத் திறந்தால் கிணற்றடி. சட்டி கழுவிக்கொண்டே கிணற்றடி வாழையைப் பார்க்கலாம். உறுதிப் பத்திரம் உள்ள காணி, ஆகவே வங்கியும் கடன் தரும். விற்கிறவ கொக்கிளாய்ப் பக்கத்து அக்கா ஒருவர். இடம்பெயர்ந்து வந்து இங்கேயே வீடு கட்டிய குடும்பம். கணவர் இப்போது மறுபடியும் ஊருக்குப் போய்க் களப்பில் மீன்பிடித் தொழில் தொடங்கிவிட்டார். வீட்டை விற்றுவிட்டுத் தானும் போகலாம் என்று அக்கா தனியாக இருந்தா. விலை அறுபத்தைந்து இலட்சம் என்றா.

அன்று மத்தியானமே பழைய புள்ளித்தாள் ஒன்றின் பின்பக்கத்தில் நானும் இவரும் கணக்குப் போட்டோம். சேமிப்பு, என் காப்புச் சோடி, வங்கி தரும் கடன், எல்லாம் கூட்டினால் அறுபது. அதற்கு மேலே ஒரு சதமும் இல்லை. ஆனால் கேட்கவேண்டியது எவ்வளவு? இதுதான் எங்கள் இருவருக்கும் பிடிபடவில்லை.

எப்படிப் பிடிபடும்? எங்கள் பரம்பரையில் வீட்டை விலை கொடுத்து வாங்கியவர் எவருமில்லை. என் அம்மா அப்பா தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை அறையில் பிறந்தவர்கள். லயம் தோட்டத்துக்குச் சொந்தம். வன்னிக்கு வந்தபிறகு காட்டை வெட்டிக் குடிசை போட்டார்கள். அதற்கும் விலையில்லை, விலையெல்லாம் உடம்பால் கொடுத்ததுதான். பிறகு இடம்பெயர்ந்து தறப்பாள் கொட்டில், பிறகு வீட்டுத்திட்டத்தில் கட்டித் தந்த வீடு, அது இப்போது தம்பிக்கு. மீனுக்கு விலை எனக்குத் தெரியும். செவுளைத் தூக்கிப் பார்த்தால் போதும். வீட்டுக்குச் செவுள் எங்கே இருக்கிறது?

பள்ளிக்கூடத்தில் கேட்டேன். ஒருவர் கிணற்றை வைத்துத்தான் விலை என்றார். இன்னொருவர் காணியை மட்டும் மதியுங்கோ, வீட்டை விட்டுவிடுங்கோ என்றார். வீட்டை விட்டுவிட்டு நான் எங்கே படுப்பது? கணிதம் படிப்பிக்கிற ரீச்சர்தான் உருப்படியாக ஒன்று சொன்னா.

"முதல் கேக்கிற விலை உங்களுக்கே வெக்கமா இருக்கவேணும். அப்பதான் சரியான விலை."

ஐம்பது என்று முடிவெடுத்தேன். உண்மையிலேயே வெட்கமாகத்தான் இருந்தது. இவர், "அம்பத்தெட்டெண்டு கேள், நேர்மையா இருக்கும்" என்றார். நேர்மைக்கும் பேரத்துக்கும் என்ன சம்பந்தம் என்று அவர் வாயை அடைத்தேன்.

முதல் தடவை போனபோது அக்கா கதிரைகளைத் துடைத்துப் போட்டா. "இருங்கோ ரீச்சர், பிளேன்ரீ போட்டு வைச்சிருக்கிறன்" என்றா. இவருக்குத் தேத்தண்ணி என்றால் உயிர். அவர் வாயைத் திறக்குமுன் நான் முந்திக்கொண்டேன். "வேண்டாம் அக்கா, இப்பதான் குடிச்சிட்டு வாறம்." பிறகு எழும்பி நின்று என் வேலையைத் தொடங்கினேன். யன்னலில் கறையான். தரையில் வெடிப்பு. கிணற்றுக் கட்டு தாழ்வு. ஐம்பது. அக்கா என்னைப் பார்த்துச் சிரித்து, "அறுபத்தஞ்சு" என்றா.

இரண்டாம் தடவை ஒரு வெள்ளிக்கிழமை. தேசிக்காய்த் தண்ணி கரைத்துக் கையில் கொண்டுவந்தா. நல்ல வெயில், குவளையின் வெளிப்பக்கம் வியர்த்திருந்தது. "நான் விரதம் அக்கா, இவரும் விரதம்" என்றேன். வாழ்நாளில் ஒரு விரதமும் பிடிக்காத இவர், பக்தியோடு தலையைக் குனிந்துகொண்டார். ஐம்பத்திரண்டு என்றேன். அறுபத்துமூன்று என்றா. குவளைகளைத் திருப்பி எடுத்துக்கொண்டு உள்ளே போனவ, வெளியே வரக் கொஞ்சம் நேரம் எடுத்தா. விலை இறங்குகிறது, யோசிக்கிறா என்று எனக்குள்ளே ஒரே குதூகலம்.

மூன்றாம் தடவை அக்கா ஒன்றும் கேட்கவில்லை. ஸ்டூலில் இரண்டு சோடாப் போத்தல்கள் மூடி திறக்காமல் இருந்தன. பக்கத்திலேயே திறப்பானும் இருந்தது. "நீங்களே உடைச்சுக் குடியுங்கோ" என்று சொல்லிவிட்டு நிலைக்கதவோடு நின்றா. கடைச் சோடாதானே, அவவின் கைப்பக்குவம் இல்லையே, இது கட்டுப்பாட்டுக்குள் வராது என்று எனக்கு நானே தீர்ப்புச் சொல்லி, உடைத்துக் குடித்தேன். ஏப்பமும் விட்டேன். ஐம்பத்துநாலு என்றேன். "யோசிச்சுச் சொல்லுறன்" என்றா. முகத்தில் அந்தப் பழைய சிரிப்பு இல்லை. வழியெல்லாம் நான் இவரிடம், "பாத்தீங்களா, களைச்சுப் போனா. இன்னும் ஒரு தரம் போனா முடிஞ்சுது" என்று அளந்துகொண்டு வந்தேன்.

முடிந்துதான் போயிற்று. அடுத்த நாள் காலை, நானும் நிற்கும்போதே, தரகர் இவருடைய கடைக்கே வந்துவிட்டார்.

"அவா உங்களுக்கு வீடு தரமாட்டாவாம்."

"எவ்வளவு கேக்கிறா?" என்றேன் நான்.

"எவ்வளவு தந்தாலும் இல்லையாம். சோடா வாங்கி வைக்கவேண்டிய ஆக்களுக்குத் தான் கட்டின வீட்டை விக்கமாட்டாவாம்." தரகர் கொஞ்சம் குரலைத் தணித்தார். "கடற்கரை ஆக்களெண்டு இஞ்ச கொஞ்சச் சனம் அவவின்ர வீட்டில பச்சைத் தண்ணியும் வாங்கிக் குடிக்கிறேல்ல, ரீச்சர். நீங்களும் அப்பிடித்தானெண்டு நினைச்சிட்டா."

நான் கடையில் கிடந்த பழைய ரயரின் மேல் இருந்துவிட்டேன்.

ஏனென்றால் அந்தச் சோடாவை எனக்குச் சிறுவயது முதலே தெரியும். நாங்கள் காடு வெட்டிக் குடியிருந்த இடத்துக்கு எப்போதாவது யாரும் பெரிய மனிதர் வந்தால், அம்மா தேத்தண்ணி போடமாட்டார். காசை என் கையில் திணித்துக் கடைக்கு ஓடச் சொல்வார். தோட்டத்திலிருந்து வந்த ஆட்களின் கோப்பையில் வாய் வைக்காதவர்கள் அவர்கள். மூடி போட்ட போத்தல் என்றால் குடிப்பார்கள். அம்மாவின் தேத்தண்ணியைப்போல் ஒன்றை நான் இன்றுவரை எங்கும் குடித்ததில்லை. பிறந்ததே தேயிலைக்குள் அல்லவா! அப்படிப்பட்டவர் அடுப்படியில் கையைக் கட்டிக்கொண்டு நின்று, அவர்கள் சோடா குடிப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பார். அதைப் பார்த்து வளர்ந்த நான், அதே போத்தலை உடைத்துக் குடித்துவிட்டு ஏப்பமும் விட்டு வந்திருக்கிறேன். எனக்கு அழுகை வந்தது. வீடு போனதற்காக இல்லை. வீடு போனதும் கொஞ்சம் உண்டுதான், பொய் சொல்வானேன்.

"நான் அண்டைக்கே தேத்தண்ணி குடிப்பமெண்டுதானே பாத்தனான்" என்றார் இவர். அந்த நேரத்தில் அவர் கையிலிருந்த நட்டுக் கழற்றும் சாவியை வாங்கி அவர் தலையிலேயே போட்டிருக்கலாம்.

அன்று பின்னேரம் தனியாக ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு போனேன். முன்பக்கம் போகவில்லை. வளவைச் சுற்றிப் பின்பக்கம் போய், குசினி வாசலில் நின்று, "அக்கா, குடிக்க ஏதும் இருந்தால் தாங்கோ" என்றேன்.

அக்கா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தா. தலையை நிமிர்த்தவில்லை. "சோடா முடிஞ்சுது" என்றா.

"தேத்தண்ணி கேட்டு வந்தனான்."

"விரதமில்லையோ இண்டைக்கு?"

சொல்ல வந்ததையெல்லாம் வழியில் ஒழுங்காக அடுக்கிக்கொண்டுதான் வந்திருந்தேன். ஆனால் வாயிலிருந்து வந்தது தாறுமாறாக வந்தது. பலாப்பழம் முதலில் வந்தது. பிறகு மீன்காரர். பிறகு விலை தீருமுன் ஒன்றும் குடிப்பதில்லை என்ற என் பெரிய சட்டம். கடைசியில்தான் அம்மாவும், அம்மா வாங்கிவைத்த சோடாவும் வந்தன. அக்கா கத்தியைக் கீழே வைத்தா.

"நீங்கள் தோட்டத்து ஆக்களோ?"

"ஓம் அக்கா."

அவ என்னை நிமிர்ந்து பார்த்தா. பிறகு வயிறு குலுங்கச் சிரிக்கத் தொடங்கினா. வெங்காயக் கையால் கண்ணைத் துடைத்து, எரிவு வந்து, மேலும் கண்ணீர் வந்து, அதற்கும் சேர்த்துச் சிரித்தா. "அம்பது லட்சத்துக்கு வீடு கேக்க உமக்கு வெக்கமில்லை, ஒரு தேத்தண்ணி குடிக்கத்தான் வெக்கமோ?" என்று கேட்டா. 'நீங்கள்' போய் 'நீர்' வந்ததும் என் உயிர் திரும்பி வந்தது.

இஞ்சி தட்டிப் போட்ட தேத்தண்ணி. சீனி கொஞ்சம் கூட. அம்மாவினது அளவுக்கு இல்லை, ஆனாலும் நின்ற நிலையில் முழுவதையும் குடித்தேன். குடித்தபிறகு என் சட்டப்படி நான் தோற்ற மாதிரிதான். அதனால் உள்ளதைச் சொன்னேன்.

"எங்களிட்ட இருக்கிறது அறுபதுதான் அக்கா. அதுக்கு மேல என்னட்ட ஒண்டுமில்லை."

"சரி, அறுபது" என்றா உடனேயே.

அவ்வளவு சுருக்காகச் சொன்னது எனக்கு இடித்தது. சந்தைப் பழக்கம் போகுமா? "நீங்கள் கடைசியா எவ்வளவுக்குத் தாறதா இருந்தனீங்கள்?" என்று கேட்டுவிட்டேன்.

"அம்பத்தெட்டு. தரகரிட்டயும் அதைத்தான் சொல்லி வைச்சனான்."

"பிறகென்ன அறுபது?"

"முதல்நாள் பிளேன்ரீக்கு ஒரு லட்சம்" என்றா அக்கா, ஒரு விரலை மடக்கி. "தேசிக்காய்த் தண்ணிக்கு ஒரு லட்சம். இரண்டையும் நான்தான் கிணத்தடியில ஊத்தினனான்."

பத்தடி நடந்து பார்க்கலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். கால் அசையவில்லை. என் வாழ்நாளில், கடைசியாகச் சொன்ன விலையில் ஒரு ரூபாய்கூடக் குறைக்காமல் வாங்கிய பெரிய பொருள் இந்த வீடுதான். ஐம்பத்தெட்டு என்று தான் முதலே சொன்னதை இவர் இன்னும் மாதத்துக்கு ஒருமுறையாவது நினைவுபடுத்துவார்.

ஆடி பிறக்குமுன்னே உறுதி எழுதி முடித்து, நல்லநாள் பார்த்துப் பால் காய்ச்சினோம். அம்மா வந்திருந்தார். "எவ்ளோக்குடி வாங்கின?" என்றுதான் முதலில் கேட்டார். சொன்னேன். சோடாக் கதையை மட்டும் சொல்லவில்லை, சொல்ல வாய் வரவில்லை. கொக்கிளாயிலிருந்து அக்காவும் பஸ் ஏறி வந்தா. ஒரு பை நிறைய இறால் கருவாடு கொண்டுவந்தா. குசினியில் புதிய ஆளைக் கண்ட அம்மா, வழக்கம்போல என் காதுக்குள், "இவங்களுக்குச் சோடா வாங்கி வச்சிருக்கியா?" என்று கேட்டார்.

"நீங்களே ஒரு தேத்தண்ணி போட்டுக் குடுங்கம்மா" என்றேன்.

அம்மா என்னை ஒருமுறை பார்த்தார், அக்காவை ஒருமுறை பார்த்தார். பிறகு போட்டார். கோப்பையைக் கையில் கொடுத்துவிட்டு, அந்த அடுப்படியில் பழையபடி கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அக்கா ஒரு வாய் குடித்தா. கண்ணை மூடித் திறந்தா. மிச்சத்தை ஒரே மூச்சில் முடித்து, வெறும் கோப்பையை அம்மாவிடம் நீட்டினா.

"அம்மா, இன்னொண்டு தருவீங்களோ?"

அம்மா கட்டியிருந்த கையை அவிழ்த்து, கேத்திலை மறுபடியும் அடுப்பில் வைத்தார்.