பித்தளைக் குடத்துத் தண்ணீர்

பிள்ளை பெற்று வந்ததிலிருந்து முப்பதாம் நாள் சடங்கு வரை மேருவில் மாமியார் வீட்டின் பின்னறைதான் எனக்கு உலகம். ஜன்னலைத் திறந்தால் காற்று புகுந்துவிடும், தலைக்குக் குளித்தால் ஜன்னி வந்துவிடும், வாசலைத் தாண்டினால் என்னவோ வந்துவிடும். ஜெயிலில்கூடக் கொஞ்ச நேரம் வெளியே நடக்க விடுவார்கள். போதாததற்கு எனக்குப் பாலும் பற்றவில்லை. மகளுக்குப் பால் மாவுதான்.

அதற்கான தண்ணீரை என் மாமியார் கொதிக்கவைத்து, சூட்டோடு தன் பழைய பித்தளைக் குடத்தில் ஊற்றி மூடிவைப்பார். பித்தளையில் இருந்த தண்ணீர் உடம்புக்கு நல்லதாம்.

நான் ரவாங்கில் தண்ணீர் சோதனைக் கருவி விற்கும் கம்பெனியில் வேலை செய்பவள். சும்மா கிடப்பேனா? சுற்றிலும் தொழிற்சாலைகள், குழாய்மேல்தான் எனக்குச் சந்தேகம். ஆபீஸ் பையிலிருந்த சென்சாரை வீட்டுக்காரரிடம் எடுத்துவரச் சொன்னேன். கைபேசி அளவுதான் இருக்கும். அதில் செருகும் சோதனைப் பட்டையில் ஒரு சொட்டு விட்டால் சில நிமிடங்களில் ஈயம் இருக்கிறதா என்று காட்டிவிடும். குழாய்த் தண்ணீருக்குப் பச்சை விளக்கு. அப்பாடா என்றிருந்தது. மகளின் பாட்டிலுக்கு வைத்திருந்த குடத்துத் தண்ணீரையும் விளையாட்டாகத்தான் சோதித்தேன். சிவப்பு. புதுப் பட்டையில் மறுபடி பார்த்தேன். சிவப்பேதான்.

மாமியாரைக் கூப்பிட்டுச் சொன்னேன். "நல்லா கொதிக்க வெச்சதுலா. எல்லாம் செத்துப் போயிருக்கும்" என்றார்.

"கிருமிதான் சாகும் அத்தே. ஈயம் சாகாது."

குடத்தைக் கொண்டுவரச் சொல்லி உள்ளே பார்த்தேன். அடியில் சாம்பல் நிறத்தில் பெரிய ஒட்டு. தன் மூத்த மகன் பிறப்பதற்கு முன் குடம் ஒழுகியதாம். கிள்ளானில் ஒருவர் ஈயத்தை உருக்கி அடைத்துக் கொடுத்தாராம். அதன்பிறகு ஒரு சொட்டு ஒழுகவில்லை என்று பெருமையாகவே சொன்னார். எனக்கு வந்த ஆத்திரத்தில் வாய்க்குப் பூட்டு இல்லை. ஈயம் பிஞ்சு மூளையைத்தான் பிடிக்கும், பேச்சு பிந்திப்போகும், படிப்பு ஏறாது என்று கொட்டித் தீர்த்துவிட்டேன்.

அவர் ஹாலைத் திரும்பிப் பார்த்தார். அங்கே என் கணவரின் அண்ணன் கார்ட்டூன் பார்த்துக்கொண்டிருந்தார். தலை நரைக்கத் தொடங்கிவிட்டது; இன்னும் சட்டைப் பொத்தானை அம்மாதான் போட்டுவிட வேண்டும்.

"அவனுக்கும் இந்தத் தண்ணியிலதாம்மா பால் கலக்கினேன்" என்றார். "அதனாலயா?"

பிறகு மகளின் இரத்தத்தைச் சோதித்தார்கள், நல்லவேளை, தப்பித்துவிட்டாள். ஆனால் அந்த நிமிடம் எங்கேயாவது எழுந்து ஓடிவிட வேண்டும்போல் இருந்தது. வாசல் தாண்டக் கூடாத பத்தியக்காரி எங்கே ஓடுவது? குடத்தை மடியில் வைத்துக்கொண்டு, பதிலுக்காக அவர் என் கட்டில் ஓரத்திலேயே உட்கார்ந்திருந்தார்.