மூன்றாவது லொறிக்கு ஊற்றிய மருந்து

"தொழிலாளி லேபலைப் பிழையாக வாசித்துவிட்டார்" என்று அறிக்கையில் ஒரு வரி சேர்க்கச் சொன்னார்கள். அதை நான் எழுதியிருந்தால், பனியில் கெட்டுப்போன ஒரு தளத்தின் பழி முழுவதும் என் அண்ணாவின் தலையில் விழுந்திருக்கும். இதை நினைத்தால் இப்போதும் எனக்குக் காது சுடுகிறது.

நான் கொங்கிறீட் பரிசோதகர். லொறி வந்ததும் கலவையின் இளக்கத்தை அளப்பேன், வெப்பநிலை எடுப்பேன், உருளை அச்சுகளில் மாதிரி நிரப்பி, அதன் பலத்தைச் சோதிக்க லாபுக்குக் கொண்டுபோவேன். எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். இதைச் சொல்ல எனக்குக் கூச்சம் இல்லை. மெல்பேர்ணின் நோபிள் பார்க் கடைத்தெருவில் மீன் வாங்கப் போனால், அம்மா கடைக்காரருக்கு இதைச் சொல்லிவிட்டுத்தான் செவுளைத் தூக்கிப் பார்ப்பா.

அண்ணா என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர். மன்னாரில் ஐந்தாம் வகுப்போடு அவருடைய படிப்பு நின்றுவிட்டது; பிறகு இடம்பெயர்ந்துகொண்டே இருந்தோம். படகில் இங்கே, அவுஸ்திரேலியாவுக்கு, வந்து சேர்ந்த பிறகு கொங்கிறீட் வேலைக்குப் போனார். இன்றுவரை அதுதான் அவர் தொழில். நான் டிப்ளோமா முடித்ததும் அந்த வேலையால்தான்.

போன குளிர்காலத்துக்குச் சற்று முன்பு, மெல்பேர்ணிலிருந்து சில மணி நேரத் தூரத்தில், மலையின் மேலே விடுதியொன்றுக்குத் தளம் போடும் வேலைக்கு என்னை அனுப்பினார்கள். பனிச்சறுக்குக்காரர்கள் வருவதற்குள் முடிக்கவேண்டிய அவசரம். அண்ணாவின் குழு ஏற்கெனவே அங்கே இருந்தது. இது தெரிந்ததும் அவர் போன் எடுத்தார்.

"அங்க வந்து அண்ணா கிண்ணா எண்டு கூப்பிட்டுப்போடாதை. சோதிக்கிற ஆளின்ர சொந்தக்காரன் எண்டால் ஒரு கதை வரும்."

பக்கத்தில் நின்ற அம்மாவுக்கும் கேட்டுவிட்டது. "அப்ப என்னெண்டு கூப்பிடுறது? மிஸ்டர் எண்டோ?"

"ஒண்டும் கூப்பிட வேண்டாம். பாக்காத மாதிரிப் போகச் சொல்லுங்கோ."

எனக்குக் கோபம் வந்தது. ஆனால் உள்ளுக்குள் கொஞ்சம் நிம்மதியாகவும் இருந்தது என்பதை இங்கே ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். சீமெந்து அப்பிய சப்பாத்தோடு ஒருவர் "தங்கச்சி" என்று கூப்பிட, எஞ்சினியர் திரும்பிப் பார்ப்பதை நான் விரும்பவில்லை.

உறைபனியில் கொங்கிறீட் போடுவது லேசான காரியம் இல்லை. இறுகுவதற்கு முன் அதற்குள் இருக்கும் தண்ணீர் உறைந்தால் எல்லாம் வீண். அதனால் அதை விரைவாக இறுகச் செய்யும் ஒரு திரவத்தைக் கலப்பார்கள். எங்கள் ஆட்கள் அதை மருந்து என்பார்கள். அடிவாரத்தில் கலந்தால் மலை ஏறி முடிவதற்குள் லொறியிலேயே இறுகத் தொடங்கிவிடும் என்பதால், மேலே வந்த பிறகு ஒருவர் லொறியின் பின்னால் ஏறி, பிளாஸ்ரிக் கான்களைத் தூக்கி ஒவ்வொன்றாக ஊற்றவேண்டும். அந்த வேலை அண்ணாவுடையது. இதற்கு நேர் எதிரான மருந்தும் உண்டு. வெயில் காலத்தில் கலவை அவசரப்பட்டு இறுகாமல் அது தாமதப்படுத்தும். கோடையில் மிஞ்சிய அந்தக் கான்களும் சைற்றில் மருந்து வைக்கும் அதே கொள்கலனின் ஒரு மூலையில் கிடந்தன என்பது அன்றைக்கு எனக்குத் தெரியாது. இரண்டும் ஒரே மாதிரியான வெள்ளைக் கான்கள்.

முதல் இரண்டு லொறிகளும் ஒழுங்காகப் போயின. மூன்றாவது வந்தபோது சூரியன் மலைமுகட்டுக்குப் பின்னால் இறங்கத் தொடங்கியிருந்தது. நான் சற்றுத் தள்ளி இரண்டாவது லொறியின் மாதிரியை அச்சில் நிரப்பி, கம்பியால் குத்திக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு அடுக்குக்கும் இருபத்தைந்து குத்து. ஏணியில் நின்ற அண்ணா கானின் மூடியைத் திறந்தார். கொஞ்சம் சரித்தார். நிறுத்தினார்.

"பொஸ், திஸ் வன் கலர் டிஃபரன்ட். நோ குட்."

வேலையை நடத்திய போர்மன் நிமிர்ந்தும் பார்க்கவில்லை. "குளிருக்குக் கறுக்கும், மேட். ஊத்து."

அண்ணா கானை மூக்கருகே பிடித்தார். பிறகு யாருக்கும் சொல்லாததுபோல, ஆனால் என் பக்கம் பார்த்து, தமிழில் சொன்னார். "இது முந்தி ஊத்தினது இல்லை. பனம்பாணி மாதிரிக் கிடக்கு. மணமும் அப்பிடித்தான்."

எனக்குத் தெளிவாகக் கேட்டது. விரைவு மருந்து கிட்டத்தட்டத் தண்ணீர் நிறம், தாமத மருந்துதான் பாணி நிறம் என்பதும் எனக்குத் தெரியும். வகுப்பில் படித்தது. நான் செய்ததெல்லாம் பதினேழு, பதினெட்டு என்று எண்ணிக் குத்தியதுதான். பரிசோதிக்க வந்தவள் மற்றவர்களின் வேலையில் தலையிடக்கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

"ட்ரக் வெயிட் பண்ணுது!" என்று போர்மன் கத்தினார். அண்ணா ஊற்றினார்.

மறுநாள் காலை முதல் இரண்டு லொறிகளின் உருளைகளும் கல்லாக இருந்தன. மூன்றாவதின் உருளையில் என் பெருவிரல் இறங்கியது. குளிர் படாமல் தளத்தில் விரித்திருந்த கம்பளப் போர்வையைத் தூக்கினால், அந்தப் பகுதி முழுவதும் மீன்முள் மாதிரிக் கோடு கோடாக உறைந்து கிடந்தது.

சைற் அறையில் கூடினோம். எஞ்சினியர், போர்மன், நான். அண்ணாவை வாசலுக்கு வெளியே நிற்க வைத்திருந்தார்கள். கதவு திறந்தே இருந்தது.

"என்ர ஆள் ஒருத்தனுக்கு இங்கிலிஷ் வாசிக்கத் தெரியாது," என்றார் போர்மன். "பிழையான கானை எடுத்திட்டான். நல்ல மனுசன், பாவம். ஆனா என்ன செய்யிறது?"

அந்தப் "பாவம்" தான் என்னை எழுப்பியது. திட்டியிருந்தால்கூடப் பொறுத்திருப்பேன். எஞ்சினியர் தலையாட்டிவிட்டு என்னைப் பார்த்தார். "அதை ஒரு வரியாகப் போட்டுவிடுங்கள். லேபலைப் பிழையாக வாசித்தார் என்று."

நான் எழுந்து கொள்கலனுக்குப் போனேன். வெறுங்கான்கள் சேற்றுப் பனிக்குள் கிடந்தன. அடியில் பாணி நிறம் ஒட்டியிருந்த ஒன்றை எடுத்து வந்து மேசையில், எஞ்சினியரின் கோப்பிக் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தேன்.

"வாசியுங்கள்."

அவர் கானைத் திருப்பினார். மறுபடி திருப்பினார். லேபல் ஈரத்தில் உரிந்து எப்போதோ போய்விட்டிருந்தது. பிசின் தடம் மட்டும் இருந்தது. டிப்ளோமா உள்ள நானும் வாசிக்க முடியாது, பட்டம் உள்ள அவரும் வாசிக்க முடியாது. வாசிக்க ஒன்றுமே இல்லாத கானை வாசிக்கத் தெரியாதவன் என்று ஒருவரை வெளியே குளிரில் நிற்க வைத்திருந்தார்கள். அந்தக் கானில் இருந்தது வேறென்று அந்த மலையில் வாய்விட்டுச் சொன்ன ஒரே ஆள் அவர்தான்.

"அவர் உங்களுக்குச் சொன்னார்," என்றேன் போர்மனிடம். "இது வேறு, சரியில்லை என்றார். நீங்கள் ஊற்றச் சொன்னீர்கள்."

"அவன் என்னவோ முணுமுணுத்தான். அவன்ர பாஷையில."

"இங்கிலிஷில் உங்களுக்குச் சொன்னார். தமிழில் எனக்குச் சொன்னார்."

"உங்களுக்கு அவனைத் தெரியுமா?" என்று எஞ்சினியர் கேட்டார்.

"என் அண்ணா."

பிறகு எஞ்சினியரின் முகத்தில் ஒரு தெளிவு வந்தது. தப்ப வழி கண்டவரின் தெளிவு. அப்படியென்றால் என் அறிக்கை நடுநிலையானது அல்ல என்றார். லாபுக்கு போன் எடுத்து வேறு பரிசோதகரைக் கேட்கப் போவதாகச் சொன்னார். என்னை அன்றே இறங்கச் சொன்னார்கள். அண்ணாவையும் வீட்டுக்குப் போகச் சொன்னார்கள், தேவையென்றால் கூப்பிடுவார்களாம்.

லாபின் பிக்கப்பில் இருவரும் இறங்கினோம். அரைவாசி மலை இறங்கியதும் அண்ணா கேட்டார்.

"உனக்கு நான் என்ன சொன்னனான்?"

"சொல்லாதை எண்டு."

"பிறகு?"

"பிறகென்ன? அவங்கள் உங்களை மொக்கன் எண்டுறாங்கள். நான் சும்மா கேட்டுக்கொண்டு இருக்கிறதோ?"

"நேற்று? நேற்றுச் சும்மாதானே இருந்தனீ."

வளைவுகளைப் பார்த்து ஓட்டினேன். சைற் அறையில் வந்த கோபத்தில் பாதி என் மேலேயே இருந்தது. அதை நான் அவர்கள் எல்லோர் மேலும் சேர்த்து இறக்கியிருந்தேன்.

அடிவாரத்தில் போனுக்குச் சிக்னல் வந்தது. ஓரமாக நிறுத்தினேன். வேறு ஆள் வந்தாலும், மூன்று லொறிகளுக்கும் பக்கத்தில் நின்றவள் நான். என் அறிக்கை லாபுக்குப் போகத்தான் வேண்டும்.

"என்ன எழுதியிருக்கிறாய்? வாசி," என்றார் அண்ணா.

வெப்பநிலை, நேரம், லேபல் இல்லாத கான், உறைந்த தளம் எல்லாவற்றையும் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தேன். "நிறம் வேறு, சரியில்லை என்று லேபரர் போர்மனிடம் தெரிவித்தார். பரிசோதகர் அதைக் கேட்டார், தலையிடவில்லை."

கடைசி வாக்கியத்தை விட்டுவிட்டு அவர் ஒரு சொல்லைப் பிடித்தார். "லேபரரோ? இத்தனை வருசம் தளம் போட்டவன் லேபரரோ? மாத்து அதை."

கொங்கிறீட்டர் என்று மாற்றினேன்.

"அந்தக் கானுகளை மூலையில இருந்து எடுத்துத் தந்ததே போர்மன்தான். அதையும் போடு."

"அதை நான் காணேல்லை, அண்ணா. நான் கண்டதைத்தான் எழுதலாம்."

"அப்ப நான் சொன்னது எண்டு போடு."

"அப்பிடியெண்டால் ஆர் சொன்னதெண்டு பேர் போடவேணும்."

அவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, என் பக்கம் சாய்ந்து திரையைப் பார்த்தார்.

"போடு. முழுப்பேரையும் போடு."