சத்தக்காவின் பாட்டு லிஸ்ட்

பிடித்த பாட்டு எது என்று சத்தக்காவிடம் யாரும் கேட்டதில்லை. கேட்டால் போட்டுக் காட்டிவிடுவாளோ என்ற பயம்தான்.

சட்டை தைக்கும் கம்பெனி அது. நீளமான கூடம், தகரக் கூரை, வரிசை வரிசையாக மெஷின்கள். ஒருத்தி காலர் வைப்பாள், ஒருத்தி தோளைக் கூட்டுவாள், ஒருத்தி கை ஏற்றுவாள். கை ஏற்றுவது சத்தக்காவின் வேலை. அவள் முடித்த சட்டை அடுத்த மெஷினுக்குப் போகும். அங்கே கை முனையில் கஃப் பட்டி தைக்கிறவள் அவளுடைய நாத்தனார், வீட்டுக்காரரின் தங்கை. ஒரே வீட்டில் குடித்தனம், ஒரே லைனில் வேலை. போன ஜென்மத்துப் பாவம் என்று இரண்டு பேரும் தனித்தனியாகச் சொல்லிக்கொள்வார்கள்.

சத்தக்கா ஒன்றும் சத்தம் போட்டுப் பேசுகிறவள் இல்லை. சூப்பர்வைசர் தலைமேல் நின்று கத்தினாலும் ஊசியில் நூலைக் கோத்தபடியே "சரிங்க சார்" என்று முடித்துவிடுவாள். பட்டப்பெயர் வந்தது அவள் காதில் மாட்டியிருந்த இயர்போன் ஒயர் வழியாக. ஒருநாள் சாப்பாட்டு இடைவேளையில் பட்டன் தைக்கிற பெண் ஆசைப்பட்டு அதை வாங்கித் தன் காதில் வைத்துப் பார்த்தாள். "ஐயோ அக்கா, உள்ள யாரையோ போட்டு அடிக்கிறாங்க!" என்று பிடுங்கி எறிந்தாள். அன்றிலிருந்து கூடம் முழுக்க அவள் சத்தக்கா.

கல்யாணத்துக்கு முன்னால் அவள் ஒரு மாடி அறையில் தனியாக வாடகைக்கு இருந்தாள். நேர் கீழே ஒரு கார் ஷெட். அதில் கார் இல்லை. கிதாரும் டிரம்ஸுமாக ஒரு கூட்டம் இருந்தது. வேலை முடிந்து வந்து படுத்தால் கட்டில் தானாக நகரும். ஒரு சாயங்காலம், நறுக்கென்று நாலு வார்த்தை கேட்டுவிடுவது என்று செருப்புகூட மாட்டாமல் இறங்கிப் போனாள். அப்போது வேலை பார்த்த இடத்தில், அன்றைக்குப் பகலில்தான், தையல் கோணல் என்று சொல்லி எல்லார் எதிரிலும் ஒரு சட்டையை அவள் முகத்தில் வீசியிருந்தார்கள். ஷெட் வாசலில் போய் நின்றால், உள்ளே ஒரு பெண் கழுத்து நரம்பு புடைக்கப் பாடிக்கொண்டிருந்தாள். இவள் பகல் முழுக்க விழுங்கி வைத்திருந்ததையெல்லாம் அந்தப் பெண் வெளியே கொட்டிக்கொண்டிருந்தாள். கேட்க வந்த நாலு வார்த்தையும் மறந்துபோயிற்று.

பாட்டு முடிந்ததும், "இன்னொரு தடவை பாடுங்க" என்றாள்.

அன்று பிடித்த பைத்தியம்தான். பாட்டில் பாதி வார்த்தை அவளுக்குப் புரியாது, கோபம் முழுசாகப் புரியும். அந்த ஷெட் கூட்டம்தான் அர்த்தம் சொல்லி, பங்க், இமோ, இண்டி என்று வகையும் பிரித்துக் காட்டியது. கல்யாணமான புதிதில் வீட்டுக்காரர் இதற்கெல்லாம் என்ன வித்தியாசம் என்று தெரியாமல் கேட்டுவிட்டார். அவர் லிஃப்ட் மெக்கானிக், எதையும் பிரித்துப் பார்த்துத்தான் புரிந்துகொள்வார். "கதவை ஓங்கி உதைச்சா பங்க். உதைச்ச காலைப் புடிச்சிக்கிட்டு உக்காந்து அழுதா இமோ. கதவு தொறந்துதானே கெடந்துச்சுன்னு ஓரமா நின்னு முணுமுணுத்தா இண்டி" என்றாள் அவள். அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "கதவுக்கு என்ன பாட்டு?" என்றார். அதோடு அந்தப் பேச்சை விட்டுவிட்டார். காதில் பஞ்சு வைத்துக்கொள்ளப் பழகிக்கொண்டார். நாத்தனார்தான் விடவில்லை. "சத்தத்தைக் கொறைங்க அண்ணி" என்பது அந்த வீட்டில் காலை வணக்கம் மாதிரி ஆகிவிட்டது.

இப்படி இருக்கையில் கம்பெனிக்கு ஒரு புது மேனேஜர் வந்தார். வேகமான பாட்டு ஓடினால் வேலையும் வேகமாக ஓடும் என்று எங்கோ படித்திருக்கிறார். வந்ததும் வராததுமாகக் கூரையில் ஸ்பீக்கர் மாட்டினார். பாட்டுக்கு எங்கே போவது? சூப்பர்வைசர் சத்தக்காவைக் கைகாட்டினார்.

"ஏம்மா, நீ ஏதோ வேகமான பாட்டெல்லாம் கேப்பியாமே? நமக்கு ஒரு லிஸ்ட் போட்டுக் குடேன்."

அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அசட்டுத்தனம்தான், ஆனால் வந்துவிட்டது. தலை நரைக்க ஆரம்பித்துவிட்ட இந்த வயதில்தான், முதல் தடவையாக ஒரு ஆள் அவளிடம் பாட்டு கேட்கிறார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் அடுப்பங்கரைப் பக்கமே போகவில்லை. போனை வைத்துக்கொண்டு ஒவ்வொரு பாட்டாகப் போட்டாள், எடுத்தாள், மறுபடி போட்டாள். "தக்காளி பொறுக்கற மாதிரி பொறுக்கறீங்களே அண்ணி" என்றாள் நாத்தனார். ஆமாம், பொறுக்கத்தான் செய்தாள். முதலில் எது வரவேண்டும், எதற்குப் பின்னால் எது வந்தால் நெஞ்சு நிமிரும் என்று பார்த்துப் பார்த்து வைத்தாள். வேலையை விட்டு நிறுத்தப்பட்ட ஒருவன், முதலாளியின் கார் கண்ணாடியில் மூச்சை ஊதித் தன் பெயரை எழுதிவிட்டு வருகிற பாட்டு. தன்னைப் பார்த்து 'சிரி' என்று சொன்ன எல்லோரையும் ஒருத்தி பெயர் சொல்லித் திட்டுகிற பாட்டு. எல்லாவற்றுக்கும் மேலே, மூன்று பெண்கள் சேர்ந்து பாடும் பாட்டு ஒன்று. மூச்சு விடுவதற்குள் முடிந்துவிடும், அதற்குள் அவர்கள் 'மாட்டேன்' என்று எத்தனை தடவை சொல்வார்கள் என்று கணக்கே கிடையாது. அவள் உயிரை வைத்திருந்த பாட்டு அது. லிஸ்ட்டின் லிங்க்கைத் தன் போனிலிருந்து ஆபீஸ் கம்ப்யூட்டருக்கு அனுப்பினாள். அவர்கள் அதைத் தட்டிவிட்டு அப்படியே ஓடவிட்டார்கள்.

முதல் நாள் பாதிப் பேர் காதைப் பொத்திக்கொண்டார்கள். போகப் போக, காதுக்குப் பிடிக்காதது காலுக்குப் பிடித்துவிட்டது. மெஷின் ஓடுவது பெடலில், பெடலை மிதிப்பது கால், காலுக்குத் தாளம் கேட்டால் சும்மா இருக்க முடியாது. தைக்கிறவர்களுக்குத்தான் தெரியும் இந்தச் சங்கடம். பாட்டு ஓட ஓடக் கால் ஓடியது. சட்டைகள் மலையாகக் குவிந்தன. சத்தக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. தன் பாட்டுக்கு ஒரு கூடமே ஆடுகிறது என்று நினைத்தாள்.

சுவரில் ஒரு டார்கெட் போர்டு உண்டு, மணிக்கு இத்தனை சட்டை என்று. அந்த எண்ணை அழித்துவிட்டுப் பெரிய எண்ணை எழுதினார் மேனேஜர். சில நாள் கழித்து அதையும் அழித்து இன்னும் பெரிதாக எழுதினார். சட்டை வாங்குகிற கம்பெனிக்காரர்கள் வந்தபோது கூடத்தின் நடுவில் நின்று, "நான் ஒண்ணும் சொல்றதே இல்ல சார். பாட்டு என்ன சொல்லுதோ அதைத்தான் இவங்க கால் கேக்கும்" என்றார். வந்தவர்கள் சிரித்தார்கள். ஒண்ணுக்குப் போக எழுந்த பெண் ஒருத்தி போர்டைப் பார்த்துவிட்டு மறுபடி உட்கார்ந்துகொண்டாள். சத்தக்கா அதைப் பார்த்தாள். பார்த்தும், பாட்டு நன்றாக இருக்கிறதே என்ற மயக்கத்தில் இருந்துவிட்டாள்.

அந்த மூன்று பெண்களின் பாட்டு ஓடிக்கொண்டிருந்தபோதுதான் பக்கத்து மெஷினில் ஒரு சின்ன 'ம்' சத்தம் கேட்டது. ஊசி நாத்தனாரின் ஆள்காட்டி விரலை நகத்தோடு துளைத்து அடியில் இறங்கி நின்றிருந்தது. அவள் கத்தவில்லை. கத்தியிருந்தாலும் கேட்டிருக்காது, ஸ்பீக்கர் அத்தனை சத்தம். சத்தக்காதான் கையால் சக்கரத்தைத் திருப்பி ஊசியை மேலே தூக்கினாள். கஃபெல்லாம் ரத்தம். கூரையில் அந்தப் பெண்கள் இன்னும் 'மாட்டேன், மாட்டேன்' என்று பாடிக்கொண்டிருந்தார்கள், கீழே எல்லோரும் மிதித்துக்கொண்டிருந்தார்கள்.

கட்டுப் போடுகிற அறையில் நாத்தனார் முகம் வெளுத்து உட்கார்ந்திருந்தாள். "அந்தப் பாட்டு முடியறதுக்குள்ள கையில இருக்கறத முடிச்சிடணும்னு என் காலு பாட்டுக்கு ஓடுது அண்ணி. நிறுத்தணும்னு நெனைக்கிறேன், நிக்க மாட்டேங்குது" என்றாள்.

சத்தக்கா அவளுக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு வெளியே வந்தாள். முகத்தில் சட்டை விழுந்த அன்றைக்குத் தன்னைத் தூக்கி நிறுத்திய பாட்டு. அதைச் சாட்டையாக்கிச் சுழற்றிக்கொண்டிருக்கிறான் ஒருவன். சாட்டையை எடுத்துக் கையில் கொடுத்தவள் தான். அவள் நேரே மேனேஜர் அறைக்குப் போனாள்.

"சார், என் பாட்டை நிறுத்திடுங்க."

"உன் பாட்டா? நீ எழுதினியா, பாடினியா?" அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "குடுத்தது குடுத்ததுதான். இப்ப அது கம்பெனி லிஸ்ட்டு. போய் வேலையைப் பாரும்மா."

"சரிங்க சார்" என்றாள். வழக்கமான 'சரிங்க சார்' இல்லை அது. அவருக்கு எங்கே தெரியப்போகிறது!

கம்பெனி லிஸ்ட்டாம். அந்த லிஸ்ட் இன்னும் அவள் பெயரில், அவள் போனில்தான் இருந்தது. இங்கே ஒரு பாட்டை எடுத்தால் ஆபீஸிலும் காணாமல் போகும், இங்கே ஒன்றைச் சேர்த்தால் அங்கேயும் ஏறிக்கொள்ளும். மறுநாள் காலை பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, வேகமான பாட்டுகளை ஒன்றுவிடாமல் எடுத்தாள். அந்த மூன்று பெண்களை எடுக்கும்போது மட்டும் விரல் நின்றது. "வந்துடுங்கடி வெளிய" என்று சொல்லி எடுத்தாள். அந்த இடத்தில் இமோவை நிரப்பினாள். இருப்பதிலேயே மெதுவானவை. வீடு வரை வந்துவிட்டு மணியை அழுத்தாமல் திரும்பிப் போகிற மகனின் பாட்டு. வரியும் வரியும் ஒன்றையொன்று தேடி வர வேண்டிய அளவுக்கு இழுத்து இழுத்துப் பாடுகிற ஒருத்தியின் பாட்டு.

ஸ்பீக்கர் திறந்ததும் கூடம் ஒரு கணம் திகைத்தது. பிறகு கால்கள் தாளத்தைத் தேடின, கண்டுபிடித்தன. பெடல்கள் மெல்ல இறங்கின, மெல்ல ஏறின. தைத்த தையல் ஒவ்வொன்றும் நூல் பிடித்தது போல நேராக இருந்தது. மணிக்கணக்கு எழுதுகிற நேரம் வந்தபோது போர்டில் இருந்த எண்ணில் பாதிகூடத் தேறவில்லை. மேனேஜர் படியிறங்கி ஓடி வந்தார்.

"என்ன இது எழவு வீட்டுப் பாட்டு? யார் மாத்தினது?"

சத்தக்கா எழுந்து நின்றாள். "நான்தான் சார்."

"எல்லாரும் வேணும்னே மெதுவா தைக்கிறீங்களா?"

"நாங்க ஒண்ணும் பண்ணலையே சார். பாட்டு சொல்றதைத்தான் எங்க கால் கேக்கும்னு நீங்கதானே அவங்ககிட்ட சொன்னீங்க? கேக்குது."

லைனில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். மேனேஜரின் காது சிவந்தது.

"பழைய பாட்டைப் போடு. இல்லன்னா வேலையை விட்டுப் போ."

வாடகை, வீட்டுக்காரரின் வருமானம், நாத்தனாரின் மருந்துச் சீட்டு எல்லாம் அவள் மண்டைக்குள் வந்து வரிசையாக நின்றன. பயமாகத்தான் இருந்தது. "போர்டுல பழைய நம்பரை எழுதுங்க சார், பழைய பாட்டைத் தரேன்" என்றாள். "அதுவரைக்கும் மாட்டேன்."

அந்தச் சொல்லை அவள் எத்தனையோ வருஷமாகக் காதில் கேட்டிருக்கிறாள். வாயால் சொன்னது அன்றுதான்.

அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி ஸ்பீக்கர் ஒயரைப் பிடுங்கினார். கூடம் அமைதியானது. "இப்பத் தைங்க பார்க்கலாம், வேகமா!" என்றார். மெஷின்கள் தொடங்குவதற்கு முன்னால், நூல் வெட்டுகிற மேஜைப் பக்கமிருந்து ஒரு முனகல் வந்தது. விரலில் கட்டோடு அங்கே உட்கார வைக்கப்பட்டிருந்த நாத்தனார், அந்த மகனின் பாட்டை முனகிக்கொண்டிருந்தாள். சுருதிக்கும் அவளுக்கும் ஏழாம் பொருத்தம். கேட்கச் சகிக்கவில்லை. ஆனால் இழுவை கச்சிதமாக இருந்தது. காலர் வைக்கிறவள் சேர்ந்துகொண்டாள், பட்டன் பெண் சேர்ந்துகொண்டாள். பெடல்கள் அதே மெதுவில் ஏறி இறங்கின. எல்லோருடைய வாயையும் பிடுங்க மேனேஜரிடம் ஒயர் இல்லை.

முனகல் நிற்கவில்லை, சட்டை கேட்டவர்கள் தேதி சொல்லி நெருக்கினார்கள், பழைய வேகமாவது கிடைத்தால் போதும் என்று ஆகிவிட்டது மேனேஜருக்கு. அந்த வாரம் முடிவதற்குள் போர்டில் பழைய எண் வந்துவிட்டது. ஸ்பீக்கர் திரும்ப வரவில்லை. சத்தக்காவுக்கு எச்சரிக்கைக் கடிதம் ஒன்று கொடுத்து, சுவரைப் பார்த்து உட்கார்ந்து பட்டன் ஓட்டை போடுகிற காஜா மெஷினுக்கு மாற்றினார்கள். 'திமிர்' என்பதைத்தான் கடிதத்தில் நாகரிகமாக எழுதியிருந்தார்கள். அவள் அதை மடித்து, ஆடுகிற மெஷின் காலுக்கு அடியில் வைத்தாள்.

அன்று சாயங்காலம் பஸ்ஸில் நாத்தனார் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கொஞ்ச தூரம் போனதும், "அண்ணி, அந்த மூணு பொண்ணுங்க பாட்டு இருக்குல்ல, அதைப் போடுங்க" என்றாள்.

"உன் விரலைக் குத்தின பாட்டுடி அது."

"குத்தினது மெஷினு. பாட்டு என்ன பண்ணும் பாவம்? போடுங்க."

சத்தக்கா பையைத் துழாவி இயர்போனை எடுத்தாள். நாத்தனார் அதை வாங்கித் திரும்பப் பைக்குள்ளேயே போட்டாள்.

"இது வேணாம். சத்தமா வைங்க."

வைத்தாள். இரண்டு பேரின் கால்களும் பஸ்ஸின் தகரத் தரையில் சேர்ந்து அடித்தன. முன் சீட்டில் இருந்தவர்கள் திரும்பினார்கள், கண்டக்டரும் திரும்பிப் பார்த்தார்.

பார்க்கட்டும்.