அரங்கம் நிறைந்த அன்று

நான் வாழும் லீட்ஸ் நகரில், எங்கள் தெருமுனை பப்பின் மாடியறையில் யாராவது ஒரு புதியவர் அவ்வப்போது ஹிப்ஹாப் பாடுவார். போன வாரம் பாடியவன் என்னோடு கிடங்கில் வேலை செய்யும் டோனியின் மகன். டோனி வரவில்லை. ஏன் என்று மறுநாள் வேலையில் அவரிடம் கேட்டேன். அது அவன் வேலை, அவன் பார்த்துக்கொள்வான் என்றார். அப்பனுக்கும் மகனுக்கும் பேச்சுவார்த்தை இல்லையோ என்று நான் ஆறுதல் சொல்லப்போக, விநோதமாகப் பார்த்தார். எங்கள் ஊரில் ஒரு பெண் பாடியபோது சொந்தபந்தம் மொத்தமும் வந்தது என்றேன். அதிர்ஷ்டக்காரி என்றார். அதற்குமேல் விளக்க என் இங்கிலீஷ் போதவில்லை.

அந்தப் பெண் தாரணி, என் சித்தப்பா மகள். சோமனூரில் சித்தப்பாவுக்கு விசைத்தறிக் கூடம். தறிச் சத்தத்துக்கே வரி கட்டிப் பாடுவாள். போனில் கேட்டுப் பாராட்டுகிறவர்கள் கொஞ்சம் பேர் சேர்ந்திருந்தார்கள். கல்யாணப் பேச்சு வந்தபோது ஒரு வருஷம் பொறுக்கச் சொன்னாள். முன்பின் தெரியாதவர்கள் டிக்கெட் வாங்கிக் கேட்க வந்தால் பொறுக்கிறேன் என்று சித்தப்பாவும் வாக்குக் கொடுத்தார். ஆர்.எஸ்.புரத்தில் ஒரு காபிக் கடையின் மேல்மாடியைப் பிடித்தாள். ஒரே நாளில் டிக்கெட் முழுக்க விற்றுப்போனது. லீவில் வந்திருந்த எனக்கு, அவள் குதித்த குதியைப் பார்த்து மனசு நிறைந்துவிட்டது.

கச்சேரி அன்று சாயங்காலம் படியேறிப் போனால், வாசலில் சித்தப்பா வெள்ளை வேட்டியில் கைகூப்பி நிற்கிறார். பக்கத்தில் சித்தி, சந்தனமும் கல்கண்டும் வைத்த தட்டோடு. உள்ளே அத்தைமார், மாமன்மார், பங்காளிகள்.

"ஹாலு காலியாக் கெடந்தா புள்ள ஒடஞ்சு போயிருமல்லொ கண்ணு. அதான் எல்லா டிக்கெட்டையும் நானே வாங்கிப்போட்டேன்" என்றார் சித்தப்பா.

அவர் முகத்தில் சூதில்லை. அதனால் கோபப்படவும் முடியவில்லை. சித்தி தட்டை என் கையில் திணித்தார். கல்லூரிப் பிள்ளைகள் நாலு பேர் அவள் பாட்டைக் கேட்கவென்றே வந்து டிக்கெட் கேட்டார்கள். ஃபுல் என்று கடைக்காரர் திருப்பி அனுப்பிவிட்டார்.

தாரணி மேடையேறி முன்வரிசையைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள். அவளுடைய ஆகச் சூடான பாட்டு, பெண்ணைக் கேட்காமல் மாப்பிள்ளை பேசி முடிக்கும் மாமன்களைப் பற்றியது. அந்த மாமன்கள் மூன்று பேரும் எதிரில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். அந்த வரிகள் வந்த இடத்தில் அவள் வாயைத் திறக்கவில்லை. தாளம் மட்டும் ஓடியது. சனம் அதற்கும் கைதட்டியது. சாமிப் பாட்டு ஒன்று சேர்த்திருக்கலாம் என்று பெரியம்மா என்னிடம் குறைப்பட்டுக்கொண்டார்.

முடிந்ததும் சித்தப்பா அவள் தலையைத் தடவிக் கொடுத்தார்.

"ஆசை தீந்துதுங்களா அம்மணி? வந்ததெல்லாம் நம்ம சனந்தான். கல்யாணத்தத் தையில வெச்சுக்கலாமுங்களா?"

அவள் சரியென்று தலையாட்டினாள். பிறகு என் பக்கம் வந்து மெதுவாகச் சொன்னாள்:

"நீங்க ஒருத்தராச்சும் வெளியாளுன்னு நெனச்சுக்கிட்டுத்தாண்ணா பாடுனேன்."

லீட்ஸில் ஆண்டுக்கணக்கில் வெளியாளாகவே இருக்கிறேன். அவளுக்கு ஒரே ஒரு வெளியாள் தேவைப்பட்ட நேரத்தில், கல்கண்டுத் தட்டை ஏந்திக்கொண்டு சொந்தக்காரனாக நின்றேன்.